மலைக்கோட்டையில் இருப்பவர் பெயர்

பாஸ்போர்ட் பாரத்தில் முதல் கட்டம் பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைச் சட்டென்று நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதைப் பார்க்கிறேன். பிறந்த தேதியில் தயங்குகிறீர்கள், அங்க அடையாளத்தில் தயங்குகிறீர்கள், பெயரில் மட்டும் தயங்குவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாலு வயதுப் பையனின் பாஸ்போர்ட் என்னை நிறுத்தியது. இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளில் அதுதான் பெரியதா என்று தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் முழுசாகப் புரியாமல் கிடப்பது அது ஒன்றுதான். அதனால் அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன் திருச்சியில் ஒரு தினசரியில் ஆறு வருஷம் புரூஃப் பார்த்தவன். கால் விட்டுப்போன எழுத்து, புள்ளி விட்டுப்போன எழுத்து எல்லாம் என் கண்ணில் தானாக வந்து நிற்கும். அந்தக் கண்ணை நம்பித்தான் முதலாளி என்னை எடுத்தார். கடை மலைக்கோட்டைக்குக் கீழே, ஒரு ஜவுளிக் கடையின் மாடியில். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் கப்பலுக்கு டிக்கெட் போடுவோம். பாஸ்போர்ட்டுக்குப் பாரம் எழுதித் தருவோம். முதலாளி ஒரு ராவுத்தர்; கடைவீதியில் எல்லோருக்கும் அவர் பாய். ஸ்ரீரங்கத்திலிருந்து நாமத்தோடு பஸ் ஏறி வரும் என்னை முதல் நாளே "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியும் மரியாதையும் சரிபாதியாக இருக்கும்.

குழந்தைகளின் பாரம் என்றால் அன்றைக்கே குழப்பம்தான். ஒரு கைக்குழந்தைக்குப் போட்டோ எடுத்தது நினைவிருக்கிறது. தலை நிற்காத பிள்ளை. தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த ஸ்டூடியோக்காரர், தாயைக் கறுப்புத் துணிக்குள் உட்காரவைத்து, துணிக்கு வெளியே பிள்ளையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். நானும் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று ஒட்டி அனுப்பினேன். சென்னையிலிருந்து திரும்பி வந்தது. "படத்தில் மூன்றாவது கை யாருடையது என்று தெரிவிக்கவும்." எழுத்தைப் பார்க்கும் கண் படத்தைப் பார்க்காது என்று அன்று தெரிந்தது. எழுத்தைக்கூடச் சரியாகப் பார்க்காது என்பது அடுத்த வருஷம் தெரிந்தது.

அவள் பெயர் பாக்கியம். மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். புருஷன் நடராஜன் பினாங்கில் ஒரு கடையில் வேலை. அவன் கப்பல் ஏறும்போது பிள்ளை வயிற்றில். இன்னும் அவன் பிள்ளையைப் பார்த்ததில்லை. இவளுக்கு ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது. கல்யாணமான புதிதில் எடுத்தது. தாயின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளையைச் சேர்த்துவிடுவதுதான் அப்போது வழக்கம். ஆனால் பையனுக்குத் தனியாகவே எடுங்கள், பின்னால் படிக்க ஊருக்கு வரவேண்டியிருக்கும் என்று நடராஜன் எங்கள் கடைக்கே எழுதியிருந்தான்.

"பிள்ளை பேர் என்னம்மா?"

"அப்புங்க."

"அது கூப்பிடுற பேரு. வச்ச பேரு?"

அவள் பையனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "எங்க மாமனாரு பேருங்க."

"மாமனார் பேர் என்ன?"

இப்படிக் கேட்கலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். மாமனார் பெயரை மருமகள் சொல்லமாட்டாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வழக்கமாகக் கூட வந்தவர்கள் யாராவது எடுத்துச் சொல்லிவிடுவார்கள். இவள் தனியாக வந்திருந்தாள். பெயர் மாமனாருடையது என்பதால் பிள்ளையையும் அவள் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அதனால்தான் அப்பு.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே மலை.

"அதுல இருக்கிறவரு பேருங்க."

"மேல இருக்கிறவர்தானே?"

"ஆமாங்க, மேலதான். அவரு குடுத்த புள்ளைங்க இது."

"புரிஞ்சுதும்மா, புரிஞ்சுது."

அவள் முகம் தெளிந்தது. சொல்லவைக்காமலே புரிந்துகொண்டேன் என்று எனக்கும் திருப்தி. பாரத்தில் விநாயகம் என்று இங்கிலீஷில் எழுதினேன். வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்தால் அவளைச் சங்கடப்படுத்துவதாக ஆகும் என்று நினைத்தேன். அவளுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். காட்டிய இடத்தில் எழுதிவிட்டுப் போனாள்.

மற்றக் காகிதங்களையும் பார்த்தேன். பிறப்புச் சான்றில் பெயர்க் கட்டம் காலி. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பதிவு நடந்துவிடுவதால் அந்தக் காலத்தில் பாதிச் சான்றுகள் அப்படித்தான் வரும். ஆண் என்று மட்டும் இருந்தது. நடராஜனின் கடிதத்தில் "என் மகன்" என்று மட்டும் இருந்தது. அவளுடைய பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் டி. நடராஜன். அந்த டி.யையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். டி. திருச்சி என்று நினைத்தேன். என் பெயருக்கு முன்னால் இருக்கும் எஸ். ஸ்ரீரங்கம், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

பாரம் போய் இரண்டு மாதம் ஆனது. ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன.

முதல் கடிதம் பினாங்கிலிருந்து, எங்கள் கடை விலாசத்துக்கு. மனைவியும் மகனும் வந்து சேர அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த அனுமதிச் சீட்டு உள்ளே இருந்தது. அதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. அந்த நாளுக்கு ஐந்து வாரமும் சொச்சமும்தான் பாக்கி. நடராஜன் அதோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தான். இங்கே சட்டம் இறுகி வருகிறது, புருஷனை விட்டு நெடுநாள் பிரிந்திருந்த பெண்களை இனி விடமாட்டார்கள் என்று பேச்சு, இந்தச் சீட்டு தவறினால் மறுசீட்டு கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை என்று எழுதியிருந்தான். அனுமதிச் சீட்டில் மகன் பெயர் தாயுமானவன்.

பினாங்கில் யாரோ பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் அவர்கள்மேல் கோபம்கூட வந்தது. பிறகு, பாக்கியத்துக்கு இரண்டு பிள்ளைகளோ என்று தோன்றியது. ஒருவனைச் சொல்லாமல் மறைத்துவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. நான் எழுதியது தப்பாக இருக்கலாம் என்பது மட்டும் அன்று முழுக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது கடிதம் பாஸ்போர்ட் விண்ணப்பங்களை விசாரிக்கும் அதிகாரியிடமிருந்து. மண்ணச்சநல்லூரில் போலீஸ் விசாரித்ததில் மேற்படி விலாசத்தில் விநாயகம் என்ற சிறுவன் எவனும் இல்லை. வீட்டுப் பெரியவரே அப்படி யாரும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். தாய் என்று சொல்லிக்கொள்ளும் பெண் பையனின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். விண்ணப்பத்தை ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று நேரில் வந்து சொல்லும்படி தேதி போட்டிருந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்னதான் சொல்லிச்சு சாமி? அது சொன்ன வார்த்தையைச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அவரு குடுத்த புள்ளைன்னு சொல்லிச்சா?"

"சொன்னாள்."

"பிரசவம் நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டவங்க, வாழைத்தாரைத் தூக்கிக்கிட்டு நம்ம வாசல் வழியா யாருகிட்டப் போறாங்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"தாயுமானவருகிட்ட. இந்தக் கல்லாவுல உக்காந்து எத்தனை தாரு போறதைப் பாத்திருக்கேன். பள்ளிவாசலுக்குப் போற எனக்குத் தெரியுது. நாமம் போட்ட உங்களுக்குத் தெரியலை."

அவர் சொன்னது சரி. எனக்கு மலைக்கோட்டை என்றால் உச்சிப் பிள்ளையார். ஸ்ரீரங்கத்தில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் ஆற்றுக்கு அக்கரையில் தெரிவது அந்த உச்சி ஒன்றுதான். பாதி மலையில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை. நானும் அந்த மலைக்குக் கீழேயே வேலை பார்த்துக்கொண்டு ஒரு நாளும் ஏறியதில்லை. மேலே என்று நான் சொன்ன மேலே வேறு, அவள் சொன்ன மேலே வேறு.

சீட்டில் நடராஜன் பெயரின்மேல் விரலை வைத்து, "டி.க்கு என்ன நினைச்சீங்க?" என்றார்.

"திருச்சின்னு."

முதலாளி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். இந்தக் கட்டத்துக்கு நீங்களும் ஒரு நாள் வருவீர்கள் என்பதால் அதை மறைக்காமல் சொல்கிறேன். விநாயகம் என்கிற தாயுமானவன் என்று ஒரு மனு எழுதிப் போட்டுவிடலாம் என்றேன். பத்திரங்களில் இரண்டு பெயர்க்காரர்களுக்கு எழுதுவோமே, அந்த "என்கிற". இரண்டு பெயரும் ஒரே பையனுடையதுதான் என்றாகிவிடும். போலீஸ் அறிக்கைக்கும் பதில் சொன்னதாகும். பாரமும் தப்பு இல்லை என்றாகிவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

"யாருக்கும் நஷ்டம் இல்லையா?" என்றார் முதலாளி. "அந்தப் புள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் சேரணும், கல்யாணம் பண்ணணும். போற இடமெல்லாம் விநாயகம் யாருன்னு கேப்பாங்க. அது நான்தான்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். உங்க தப்பை அந்தப் புள்ளை சாகுற வரைக்கும் பேருல சுமக்கணுமா?"

"பின்னே என்ன செய்யறது?"

"தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி மண்ணச்சநல்லூருக்குப் போயிட்டு வாங்க. அந்தப் பெரியவரு ஏன் இல்லைன்னாருன்னு எனக்கு விளங்கலை."

எனக்கும் விளங்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

பெரியவர் ஓர் அரிசி மில்லில் நெல் பார்க்கிறவர். வண்டியில் வரும் மூட்டையில் குத்தூசியை விட்டு நெல்லை எடுத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, இது இன்ன பதம் என்று சொல்வார். மில்லில் அவரை மேஸ்திரி என்றார்கள். களத்தில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

"போலீஸ்காரர் வந்தப்ப விநாயகம்னு யாரும் இல்லைன்னு சொன்னீங்களாமே?"

"கேட்டாரு, சொன்னேன். இருக்கானா?"

"இல்லைங்க."

"அப்ப நான் பொய் சொல்லலை."

"உங்க பேரனைத்தான் கேக்கிறார்னு தெரிஞ்சிருக்குமே."

"எனக்கு என்ன தெரியும்னு அவரு கேக்கலீங்களே. பேரைக் கேட்டாரு. அந்தப் பேருல என் வீட்டுல ஆளு கிடையாது." ஒரு நெல்லைக் கடித்துத் துப்பினார். "தப்பா எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லதுங்க" என்றார். கேலி இல்லை. நான் ஏதோ உதவி செய்துவிட்டதுபோல் சொன்னார்.

பையன் படிக்கத் திரும்பி வருவான், அதற்குத்தான் தனி பாஸ்போர்ட் என்றேன்.

"நடராஜனும் ரெண்டு வருஷத்துல வரேன்னுதான் போனான். பொஞ்சாதி செத்துப் போயிட்டா, மகன் போயிட்டான். இந்தப் பயலும் போயிட்டா நான் ராத்திரிக்கு யாரோட உக்காந்து சாப்பிடறது?"

விசாரணை நாளில் வீட்டுப் பெரியவர் என்ற முறையில் அவரும் வரவேண்டும் என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்றார்.

"மருமகளைப் பேர் சொல்லச் சொல்லிக் கேப்பாங்க" என்றேன்.

"சொல்லாது." அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. "என் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். ஒரு நாளு சொன்னதில்லை. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணுங்க அது."

பாக்கியத்தை வீட்டில் பார்த்தேன். நான் எழுதிய பெயரைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. திகைத்து நின்றாள். "நீங்க புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே" என்றாள். "வேற யாராச்சும் சொன்னா எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளாமலும் போகலாம் என்றேன். அனுமதிச் சீட்டின் கடைசி நாளை அவளுக்குச் சொன்னேன். விரல்விட்டு வாரம் எண்ணினாள். பையன் வாசலில் ஒரு டப்பா மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

நான் அங்கே எதற்குப் போனேன், என்ன சாதித்தேன் என்று பஸ்ஸில் வரும்போது குழம்பினேன். மூன்று பேரில் தப்பு செய்தவன் நான் ஒருவன்தான். ஆனால் என் தப்பைத் திருத்தினால் அந்தப் பெரியவருக்குக் கெடுதல். திருத்தாவிட்டால் இவளுக்குக் கெடுதல். பத்திரிகையில் பிழையைத் திருத்தினால் யாருக்கும் வலிக்காது.

விசாரணை கண்டோன்மெண்டில். அதிகாரி நடுத்தர வயது, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அவசரப்படாதவர். சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரை ஒட்டிப் பையன். மேஜைக்கு முன்னால் பாக்கியமும் நானும் நின்றோம். தப்பு என்னுடையது என்று எழுதிய காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார்.

"நீங்களே எழுதுவீங்க, நீங்களே இல்லைம்பீங்க. முதல்ல விநாயகம். இப்ப தாயுமானவன். அடுத்த வாரம் வந்தா என்ன பேரு சொல்லுவீங்க?"

பினாங்கு அனுமதிச் சீட்டைக் காட்டினேன். அது நிலைமையை மோசமாக்கியது.

"சரி, தாயுமானவன்னு ஒரு பையனுக்கு அங்க அனுமதி இருக்கு. விநாயகம்னு ஒரு பையனுக்கு இங்க பாஸ்போர்ட் கேக்கிறீங்க. இதுல எந்தப் பையன் இவன்? அண்ணன் பிள்ளையைத் தம் பிள்ளைன்னு சொல்லிக் கப்பலேத்தினவங்களை நான் பாத்திருக்கேன்." பையனைப் பார்த்தார். "தம்பி, உன் பேரு என்ன?"

"அப்பு."

"அப்பா பேரு?"

"மலாயா அப்பா."

பக்கத்து மேஜைக் குமாஸ்தா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"பெத்தவ வாயால பேரு வரட்டும்மா. இந்தப் பையன் யாரு, பேரு என்ன? நீ சொன்னா இன்னிக்கே திருத்திச் சென்னைக்கு அனுப்பிடறேன். சொல்லலைன்னா பைலை மூடிடுவேன். வேற வழி எனக்கு இல்லை."

பாக்கியம் ஜன்னலைப் பார்த்தாள். கண்டோன்மெண்டிலிருந்தும் மலை தெரியும்.

"அதுல இருக்கிறவரு பேருங்க."

"நான் திருநெல்வேலிக்காரன். எனக்கு உங்க ஊரு மலையெல்லாம் தெரியாது. பேரைச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கழுத்து நனைந்திருந்தது. அதிகாரி பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்களாச்சும் சொல்லுங்க."

"அவ புள்ளைங்க. அவதான் சொல்லணும்."

சொல்லிவிட்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் சொல்கிறேன் சார் என்று ஆரம்பித்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். குமாஸ்தா ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். வெளியே எங்களுக்கு அடுத்த ஆள் இருமினான்.

பாக்கியம் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அதிகாரிக்குப் பதில் சொல்லவில்லை. பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, பையனைக் கூப்பிட்டாள். மாமனார் பெயரை வாடா போடா போட்டுக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"தாயுமானவரே, இங்க வாங்க."

பையன் அசையவில்லை. அது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்த்தான்.

எழுந்து நின்றது பெரியவர். தோளில் இருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அரை அடி முன்னால் வந்திருந்தார்.

"உங்களை இல்லை பெரியவரே, உக்காருங்க" என்றார் அதிகாரி. பிறகு நிறுத்தினார். பேனாவைக் கையில் எடுத்தார். "அது உங்க பேரா?"

பெரியவர் குனிந்து துண்டை எடுத்தார். உதறினார். உதறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"ஆமாங்க."

"பையன் பேரு?"

"எம் பேருதாங்க அவனுக்கும். தொட்டில்ல போட்ட அன்னிக்கு நாந்தான் காதுல சொன்னேன். மூணு தடவை."

நான் அறையில் இருந்தவன், கண்ணால் பார்த்தவன். அவர் பழக்கத்தில் எழுந்தாரா, தெரிந்தே எழுந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. மருமகள் கூப்பிட்ட திகைப்பில் எழுந்துவிட்டார் என்றுதான் அன்று குமாஸ்தா சொன்னார். ஆனால் அந்த வயதில் அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லில் மேஸ்திரி, வீட்டில் மாமா, பேரனுக்குத் தாத்தா. வருஷக்கணக்கில் காதில் விழாத பெயருக்கு ஒருவர் பழக்கத்தில் எழுந்திருப்பாரா? இதை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் உங்களுக்குத் தோன்றுவதை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை மட்டும் நான் எழுதுகிறேன்: எழுந்தார்.

அதிகாரி அங்கேயே புதுப் பாரம் எழுதச் சொன்னார். மேஜை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை எழுதி முடித்ததும் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் வாய்விட்டுப் படித்தேன். பெயர், தாயுமானவன். தகப்பனார் பெயர், நடராஜன். பாட்டனார் பெயர் அந்தப் பாரத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து, டி. என்பது தாயுமானவன் என்று படித்தேன். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். அன்றிலிருந்து நான் எந்தப் பாரத்தையும் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதில்லை. கேட்பவர் சங்கடப்பட்டாலும் படித்தேன். சங்கடம் அந்த ஒரு நிமிஷத்தோடு போய்விடும். நீங்களும் படியுங்கள். புரிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் இரண்டு தடவை படியுங்கள்.

அதிகாரி பெரியவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போலீஸில் சொன்னதைத் திருத்தியும் எழுதி வாங்கிக்கொண்டார். பெரியவர் எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். பையன் அவர் முழங்காலைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, அம்மா யாரைக் கூப்பிட்டுச்சு?"

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பையன் இன்னொரு தடவை இழுத்தான்.

"ஒன்னத்தான்டா" என்றார். "போ."

பையன் இறங்கி அம்மாவிடம் போனான்.

அன்று சாயங்காலத் தபாலில் காகிதங்கள் சென்னைக்குப் போயின. அனுமதிச் சீட்டின் கடைசி நாளுக்குள் போய்ச் சேரும் கப்பலுக்கு நான்கு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் வந்தது.